பனிவண்டிக் கடிதங்கள்

ரங்கூனின் பசுந்தாங்கில் ஓடைப் பக்கம் இறங்கும் தெருவொன்றின் மூன்றாவது மாடியில் குடியிருந்த மக்தலேனா பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. மழையும் வெயிலும்தான் அவள் கண்ட பருவங்கள். ஆனால் மலையேறும் பனிவண்டியின் பெல்ட் ஏன் எரிகிறது, எந்த உயரத்தில் அதன் என்ஜின் திணறும், இறுகிய பனிமேல் ஓட்டினால் ஏன் சூடேறும் என்று யாராவது கேட்டால், சோறு வடித்துக்கொண்டே விளக்கிச் சொல்லியிருப்பாள். அந்த ஊரில் அப்படிக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கும் ஆல்பினுக்கும் எண்பத்தெட்டு ஜனவரியில் கல்யாணம் ஆயிற்று. ஆல்பின் பஸ் பட்டறையில் மெக்கானிக். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தமிழும் பர்மியமும் எழுதுவான்; ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி ஒரு பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். மக்தலேனா மிஷன் பள்ளியில் படித்து, பான்சோடான் தெருவில் ஒரு டைப்பிங் கடையில் ஆங்கில மனுக்கள் அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். படித்த பெண்ணைப் பட்டறைக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று மாதா கோயிலில் சிலர் பேசியது இருவர் காதுக்கும் வந்தது. ஆல்பினுக்கு அது உள்ளுக்குள் தங்கிவிட்டது.

அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது எட்டே மாதம். அந்த ஆகஸ்டில் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவுக்கு வந்தபோது, ஆல்பின் பட்டறையில் பழுதுபார்த்து நின்ற பஸ் ஒன்றில் மாணவர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினான். செப்டம்பரில், அவன் பெயரும் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஒரு பையோடு தாய்லாந்து எல்லைப் பக்கம் கிளம்பினான். ஒரு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னான். அவனுடைய அக்கா ஜெயம்மா, விதவை, தம்பி திரும்பும்வரை துணையாக இருக்கிறேன் என்று மக்தலேனாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

இரண்டரை வருஷம் ஒரு சேதியும் இல்லை. தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் மக்தலேனாவை ஓர் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். எந்த ஆபீஸ் என்று அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. மேசைமேல் ஆல்பினின் கடிதம் பிரித்துக் கிடந்தது. எல்லை முகாமிலிருந்து எழுதியிருந்தான். தமிழ் தெரிந்த ஒருவனை உட்கார வைத்திருந்தார்கள். அவன் வரிவரியாகப் படித்துப் பர்மியத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். உடம்பு நலம், சோறு கிடைக்கிறது, அக்காவை விசாரித்ததாகச் சொல். பிறகு ஒரு வரி: ‘கண்ணை மூடினால் உன் தலைமயிர் வாசனைதான் வருகிறது, மக்தி.’ அவன் அதையும் மொழிபெயர்த்தான். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் அவளுடைய கொண்டையைப் பார்த்தபடி, இன்னொரு தரம் படி என்றான்.

வீட்டுக்கு வந்து அவள் பதில் எழுதினாள். ‘இனிமேல் கடிதத்தில் அந்த மாதிரி ஒன்றும் எழுத வேண்டாம். வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.’ காரணம் எழுதவில்லை; எழுதினால் அதையும் படிப்பார்கள்.

ஆல்பின் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. அதுதான் அவளுக்கு வினையாக முடிந்தது.

தொண்ணூற்று மூன்றில் அவனுக்குக் கனடாவில் இடம் கிடைத்தது. நாட்டின் மேற்கே, மலைகளுக்கு நடுவில் ஒரு சிற்றூர். அங்கே பனிவண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தான். முன்னால் இரண்டு சறுக்குகள், பின்னால் பல் வைத்த அகலமான ரப்பர் பட்டா, நடுவே ஒரு டூ ஸ்ட்ரோக் என்ஜின் என்று முதல் கடிதத்தில் படம் போட்டு அனுப்பினான். ஆள் புதையும் பனியில், செங்குத்தான மலைச்சரிவில் அதை ஏற்றுவார்களாம். கடிதத்தின் தலைப்பில் ‘மக்தலேனாவுக்கு, நலம், நலமறிய ஆவல்’ என்று மட்டும் இருந்தது. மக்தி என்ற பெயரையே விட்டுவிட்டான்.

அடுத்த வருஷம் பெரிய உறையொன்று வந்தது. உள்ளே பதினான்கு ஆங்கிலப் பக்கங்களின் நகல். வருஷா வருஷம் புது மாடல் வண்டி வரும்போது, அதில் தெரியவந்த கோளாறுகளையும் சரிசெய்யும் முறையையும் கம்பெனி பட்டறைகளுக்கு எழுதி அனுப்புமாம். மற்றவர்கள் படித்துக்கொள்கிறார்கள், என்னால் முடியவில்லை, முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், தமிழில் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் கேட்ட முதல் உதவி அதுதான்.

அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினாள். அகராதியில் இல்லாத சொற்கள் பாதி. உயரமான இடத்தில் என்ஜின் ‘பாக்’ ஆகிறது என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சொல்லுக்குச் சதுப்பு நிலம் என்று அகராதி சொன்னது. ‘மலை உச்சியில் என்ஜின் சேற்றில் மாட்டிக்கொள்கிறது’ என்று எழுதி அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘இங்கே சேறே கிடையாது. எல்லாம் பனி. மறுபடி பார்க்கவும்.’

அவமானமாக இருந்தது. தாள்களை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனாள். அங்கே இனாயத்துல்லா படகு என்ஜின்கள் பழுதுபார்க்கும் கொட்டகை வைத்திருந்தார். ஆல்பினைத் தெரிந்தவர். ஆங்கிலம் தெரியாது, ஆனால் அவள் வரியை வாசித்துப் பொருள் சொல்லச் சொல்ல, எண்ணெய்க் கையால் தாடையைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். ஒரு படகு என்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்கினார். என்ஜின் வேகம் எடுப்பதற்குப் பதிலாகக் கம்மி, இழுத்து, அணையப் பார்த்தது.

“இதான் தங்கச்சி அது. சேறும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூச்சு முட்டுது. பெட்ரோலு வருது, காத்து வரல. காத்து வர்ற வழியில என்னமோ அடைக்குதுன்னு எழுதுங்க.”

அடைத்தது பனித்தூள். காற்று நுழையும் இடத்தில் இருந்த பஞ்சில் மாவு போன்ற பனி ஒட்டி இறுகிவிடுகிறது. பஞ்சை எடுத்துவிட்டு மெல்லிய வலை பொருத்தினால் தூள் தங்காமல் உதிர்ந்துவிடும். பக்கத்தின் அடியில் அதுதான் எழுதியிருந்தது. மூச்சு முட்டுகிறது என்று படித்த பிறகு அந்தப் பக்கம் முழுவதும் அவளுக்குத் திறந்துகொண்டது.

அதிலிருந்து வருஷந்தோறும் அதுவே வழக்கமாயிற்று. ரங்கூனில் மழை பிடித்துக்கொள்ளும் மாதங்களில் அடுத்த பனிக்காலத்து மாடலைப் பற்றிய தாள்கள் வந்து சேரும். டைப்பிங் கடையிலிருந்து வந்து, விசிறி ஓடாத நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவாள். வேர்வை மணிக்கட்டில் இறங்கித் தாளை நனைக்கும். எழுதுவதோ உறைபனியைப் பற்றி. புரியாத இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இனாயத்துல்லாவிடம் போவாள். பனிவண்டியின் என்ஜினைக் குளிரவைப்பது, பின்பட்டா வாரி இறைக்கும் பனிதான் என்று சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். படகு என்ஜினும் ஓடைத் தண்ணீரை உறிஞ்சித்தான் குளிர்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் சேறு புகுந்து அடைத்தால் என்ஜின் காய்ந்துவிடும். இறுகிய பாதையில் பனி மேலே தெறிக்காது, அதனால் சூடேறுகிறது. கம்பிக் கொக்கி இரண்டைப் பின்னால் தொங்கவிட்டுப் பாதையைச் சுரண்டினால் பனிச்சீவல் எழும்பிக் குளிரவைக்கும். இதையெல்லாம் அவள் ஆல்பினுக்குப் புரியும் பேச்சில், பசுந்தாங் ஓடையையும் பழைய பஸ்களையும் உதாரணம் காட்டி எழுதினாள்.

அவன் கேள்விகள் எழுதுவான். பட்டாவின் இழுவை எவ்வளவு இருக்க வேண்டும்? பல் ஏன் தாண்டிக் குதிக்கிறது? அவள் பதில் எழுதுவாள். ஒவ்வோர் உறையையும் பிரிக்கும்போது, கடைசிப் பக்கத்தின் அடிவரைக்கும் கண் ஓடும். ஒரு வரி, எங்காவது ஓரத்தில் ஒரு வரி. இருக்காது. எழுத வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். இப்போது எழுதுங்கள் என்று எப்படிக் கேட்பது? காலம் கொஞ்சம் இளகியிருந்தது, உறைகள் பிரிக்கப்படாமலும் வந்தன. ஆனாலும் பேனாவை எடுத்தால் அந்த மேசையும் சிரிப்பும் முன்னால் வந்து நின்றுவிடும். இரண்டு தரம் எழுதிக் கிழித்திருக்கிறாள்.

அதனால் வேறு வழியில் அவனைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பக்க எண்களைத் தப்பாகப் போட்டிருந்தால் அசதி. அளவுகளை இரண்டு தரம் எழுதியிருந்தால் யாரோ பட்டறையில் திட்டியிருக்கிறார்கள். தொண்ணூற்றொன்பதில் வந்த ஒரு கடிதத்தில் எழுத்து முழுக்க இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கையில் என்ன என்று ஒரு வரி எழுதிக் கேட்டாள். புகைக்குழாய் சுட்டுவிட்டது, ஆறிவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் அவள் எதையும் வலக்கையால் தூக்கவில்லை என்று ஜெயம்மா சொல்வாள். மக்தலேனாவுக்கு அது ஞாபகமில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் வந்த புது மாடல் பட்டறையைப் படாத பாடு படுத்தியது. மலை ஏறும் வண்டிகள் ஒவ்வொன்றாக பெல்ட் தெறித்துத் திரும்பி வந்தன. என்ஜினின் சக்தியை இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் ரப்பர் பெல்ட்தான் பட்டாவுக்குக் கொண்டுபோகிறது. புல்லிகள் ஒன்றுக்கொன்று மயிரிழை கோணினாலும் சூடேறிப் பிய்ந்துவிடும். கம்பெனி சொன்னபடிதான் சரிபார்க்கிறோம், புது பெல்ட்டும் இரண்டு நாளில் போகிறது, பதினொரு வண்டி நிற்கிறது என்று ஆல்பின் எழுதியிருந்தான். எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். படத்தில் உள்ள எண் வரிசைப்படி என்றான்: முதலில் என்ஜினைத் தாங்கும் போல்ட்டை இறுக்குவது, பிறகு புல்லிகளை நேராக்குவது.

தாளைத் திரும்பத் திரும்பப் படித்தவளுக்கு மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. படத்தில் இருந்த எண்கள் வேலையின் வரிசையே அல்ல. பாகங்களின் பெயருக்குப் பதிலாகப் போட்ட எண்கள். வேலையின் வரிசை கீழே, சொற்களில் இருந்தது: போல்ட்டைத் தளர்த்திவிட்டுப் புல்லிகளை நேராக்க வேண்டும், கடைசியில்தான் அதை இறுக்க வேண்டும், அப்போதும் நகக்கண் அளவு இடைவெளி விட வேண்டும். முதலிலேயே இறுக்கினால் என்ஜின் கோணியபடி நின்றுவிடும். இதை எழுத ஒரு பக்கம் போதவில்லை. கடிதம் போய்ச் சேரும்வரை காத்திருக்க மனமில்லாமல், கையெழுத்துத் தாளை லத்தாவில் ஒரு இன்டர்நெட் கடையில் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னாள்.

பட்டறையில் இருந்த மற்ற இரண்டு மெக்கானிக்குகளும் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். பதினொரு வண்டியும் ஓடின. ஆல்பினைத் தலைமை மெக்கானிக் ஆக்கினார்கள். ‘உன் வரிசைதான் சரி’ என்று எழுதியிருந்தான். அந்த மூன்று சொற்களை அவள் பல நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றுமே வேலையைப் பற்றியவைதான்.

அவளை அழைத்துக்கொள்ள அவன் மனுப் போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் இந்திய வம்சம் என்பதால் மக்தலேனாவிடம் இருந்தது வெளிநாட்டாருக்குத் தரும் அட்டை. அவள் அப்பாவும் அவர் அப்பாவும் ரங்கூனில் பிறந்தவர்கள் என்பதற்குக் காகிதம் தேடிச் சேர்த்து, பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது இரண்டாயிரத்து ஐந்து முடிந்துவிட்டது. மறுவருஷம், வெளியிலிருந்து வந்த கனடா விசா அதிகாரி ஒருவர் ஒரு ஹோட்டல் அறையில் நேர்காணல் நடத்தினார். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார்.

உண்மையான கல்யாணம்தான் என்பதற்குக் கடிதங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மக்தலேனா இரண்டு பை நிறையக் கொண்டுபோனாள். அந்தப் பெண்மணி எடுத்த கடிதமெல்லாம் படமும் அளவுமாக இருந்தன. இது என்ன, இது என்ன என்று கேட்டார். இது பெல்ட் பெட்டியின் காற்றோட்டம். இது பட்டாவின் இழுவை. உங்களைப் பற்றியோ, அவர் தன்னைப் பற்றியோ எழுதிய ஒரு கடிதம் காட்ட முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். மக்தலேனா பையைப் பார்த்தாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார். ஆனால் அந்தக் குறிப்பெடுக்கும் ஆள் பேனாவோடு காத்திருந்தார். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை.

உங்கள் கணவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், நண்பர்கள் யார் என்றெல்லாம் பிறகு கேட்டார். எண்பத்தெட்டில் என்ன பிடிக்கும் என்றுதான் அவளுக்குத் தெரியும். கடைசியாக, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்றார். தொண்ணூற்றொன்பதில் அவர் கை சுட்டுவிட்டது, சொல்லாமலே எனக்குத் தெரியும் என்றாள். எப்படி என்றதற்கு அந்தக் கடிதத்தை எடுத்துச் சாய்ந்த எழுத்தைக் காட்டினாள். பெண்மணி தமிழ் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தமிழ் தெரியாதவருக்கு எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன!

நான்கு மாதம் கழித்து மறுப்பு வந்தது. கணவன் மனைவி உறவு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். பதினெட்டு வருஷத்தை ஒரு தாளில் அப்படி முடித்திருந்தார்கள். அதைப் படித்தபோதும் மக்தலேனா அழவில்லை. டைப்பிங் கடைக்குப் போய் அன்றைய மனுக்களை அடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் ஜெயம்மா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் ஆல்பின் தன் வாழ்க்கையிலேயே செய்யத் துணியாத ஒன்றைச் செய்தான். முதலாளியிடம் போய், எனக்கு ஆங்கிலம் படிக்க வராது, இத்தனை வருஷமும் நீங்கள் கொடுத்த தாள்களைப் படித்தது பர்மாவில் இருக்கும் என் மனைவி என்று சொல்லிவிட்டான். வேலை போனாலும் போகட்டும் என்று நின்றானாம். முதலாளிக் கிழவர் பழைய வேலைச் சீட்டுகளைத் தேடி எடுத்து, எந்தத் தாள் எப்போது ரங்கூன் போனது, எந்தப் பழுது எப்போது தீர்ந்தது என்று பொருத்தி, மேல்முறையீட்டுக்கு ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

வக்கீலுக்கு அது போதவில்லை. சொந்தக் கடிதம் ஒன்றாவது வேண்டும், இனிமேல் எழுதியதாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். ஆல்பின் எழுதினான். இரண்டாயிரத்தேழு நவம்பரில் அது வந்து சேர்ந்தது. ஒன்பது பக்கம். ஒரு படம் இல்லை, ஓர் அளவு இல்லை. தலைப்பில் ‘மக்தி’ என்றிருந்தது.

பழுதுபார்த்த வண்டியைச் சோதிக்க ஒருநாள் மலைமேல் தனியாகப் போனானாம். மேலே போய் என்ஜினை நிறுத்தியதும் ஒரு சத்தமும் இல்லையாம். பனி சத்தத்தையும் விழுங்கிவிடும் என்று எழுதியிருந்தான். அங்கே நின்று அவள் பெயரைச் சொன்னானாம். யாருக்கும் கேட்காத இடம் என்று தெரிந்ததால் மூன்று தரம் சொன்னானாம். அவள் எழுதி அனுப்பிய தாள்களில் மை கலங்கிய இடமெல்லாம் வேர்வை விழுந்த இடம் என்று அவனுக்குத் தெரியும். அந்த இடங்களைக் கையால் தடவிப் பார்ப்பான். ஏன் எழுத வேண்டாம் என்றாய் என்று நான் கேட்கவில்லை, படித்தவளுக்கு என் எழுத்து அசிங்கமாகப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன் என்று ஒரு வரி. பதினாறு வருஷமாக அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்றுதான் அவள் அழுதாள். ஜெயம்மா என்ன ஏது என்று கேட்காமல் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

அந்த வாரம் ஆல்பின் போனில் வந்தான். கடிதத்தை நகல் எடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உடனே அனுப்பச் சொன்னான். வக்கீல் காத்திருக்கிறார்.

“அனுப்ப மாட்டேங்க,” என்றாள் மக்தலேனா.

“அது இல்லாட்டி மறுபடியும் இல்லன்னுடுவாங்க.”

“சொன்னா சொல்லட்டும். இன்னொருத்தர் படிக்கிறதுக்கு இதை என்னால குடுக்க முடியாது.” பிறகு, பக்கத்து வீட்டுப் போனைக் கையால் மறைத்துக்கொண்டு, தொண்ணூற்றொன்றில் அந்த மேசையில் நடந்ததை முதன்முதலாகச் சொன்னாள். “உங்க எழுத்து அசிங்கம்னு நான் ஒருநாளும் நெனைக்கல.”

“சரி. வச்சுக்க,” என்றான் ஆல்பின். “லேட்டானா லேட்டாகட்டும்.”

லேட்டாகத்தான் ஆயிற்று. பனிவண்டிக் கடிதங்களையும் கிழவரின் ஆறு பக்கத்தையும் மட்டும் வைத்து வழக்கு நடந்தது. இதற்கிடையில் நர்கிஸ் புயல் வந்து இனாயத்துல்லாவின் கொட்டகைக் கூரையைக் கொண்டுபோயிற்று; அவர் மகன் யாசரோடு ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊருக்குப் போய்விட்டார். இன்னும் இரண்டு மாடல் வந்தன. அவள் எழுதினாள். ஆனால் இப்போது ஒவ்வோர் உறையிலும் கடைசியாக ஒரு தனித் தாள் இருக்கும், அவனிடமிருந்தும் அவளிடமிருந்தும். இல்லாதபோது இருந்த ஏக்கம் ஒரு மாதிரி. இந்தத் தாள் வரத் தொடங்கிய பிறகு இருந்தது அதைவிடக் கடுமையாக இருந்தது. முன்பெல்லாம் இரவில் தூங்கிவிடுவாள்.

இரண்டாயிரத்து ஒன்பது டிசம்பரில் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் டிக்கெட். அவளுக்கு நாற்பத்தைந்து வயது. தலைமயிர் பாதி நரைத்திருந்தது. அதற்குச் சாயம் போட ஜெயம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், மக்தலேனா தலையை நீட்டவில்லை.

விமான நிலையத்துக்கு ஜெயம்மா மட்டும் வந்தாள். இருபத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஆல்பினோடு எட்டு மாதம் வாழ்ந்தவள், இவளோடுதான் வாழ்க்கையின் பெரும்பகுதியை வாழ்ந்திருக்கிறாள் என்பது டாக்ஸியில் வரும்போது மக்தலேனாவுக்குச் சட்டென்று உறைத்தது. நீங்களும் வந்துடுங்க, ஏற்பாடு பண்ணறோம் என்று ஏற்கெனவே பல தரம் சொல்லியாயிற்று. இரண்டு பேருக்கும் அது எத்தனை வருஷ வேலை என்று தெரியும்.

“போன உடனே போன் பண்ணு,” என்றாள் ஜெயம்மா. “அவனுக்குச் சின்ன வயசுல மார்ச்சளி. இன்னும் இருமறானான்னு பாத்துச் சொல்லு. அவன் சொல்ல மாட்டான்.”

சரி அண்ணி என்றாள் மக்தலேனா. வேறு ஏதோ சொல்ல நினைத்து, ஜெயம்மாவின் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள். வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் பாஸ்போர்ட்டைப் புரட்டி, எத்தனை நாளைக்குப் போகிறீர்கள் டோ மக்தலேனா என்று பர்மியத்தில் மரியாதையாகக் கேட்டான். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முத்திரை விழுந்துவிட்டது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் ஜெயம்மாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை.